ரயிலுக்குப் பெயர் தந்த தோட்டம்!



காட்பாடி ரயில் நிலையத்தில், லால்பாக் எக்ஸ்பிரஸ் நின்று செல்வதைப் பார்த்திருப்பீர்கள். லால்பாக் என்றால் என்ன என்று யோசித்ததுண்டா? பெங்களூரில் உள்ள தோட்டத்தின் பெயர் தான் அது!

எங்கள் தெருப் பிள்ளைகள், செடிகளை மாற்றிக்கொள்ள என் வீட்டு மாடியில் கூடினர். ஆளுக்கொரு செடி கொண்டு வந்து, வேறொன்றை எடுத்துப் போகலாம். அன்று நான் சொன்ன கதை இது.

மைசூரை ஆண்ட ஹைதர் அலி, 1760ல் லால்பாக் தோட்டத்தை அமைக்கத் தொடங்கினார். அவர் மகன் திப்பு சுல்தான், வெளிநாடுகளில் இருந்தெல்லாம் விதைகளையும், கன்றுகளையும் வரவழைத்தார். திப்பு, 1799ல் போரில் இறந்த பின், அவரது குடும்பத்தினர் சிறை வைக்கப்பட்டது, நம் வேலூர்க் கோட்டையில் தான்!

இன்று, லால்பாக்கின் பரப்பு, 240 ஏக்கர். சுதந்திர தினம், குடியரசு தினத்தை ஒட்டி, அங்குள்ள கண்ணாடி மாளிகையில் மலர்க் காட்சி நடக்கும்.

கதை நடுவே, ஒரு சவ்சவ் காயைக் காட்டினேன். மெக்சிகோ பக்கத்துக் கொடியான இதை இங்கு பரப்பியவர், 1874ல் லால்பாக் பொறுப்பை ஏற்ற ஜான் கேமரூன். அதனால் தான் பாட்டிமார், 'பெங்களூர் கத்தரிக்காய்' என்கின்றனர். இதில் ஒரே ஒரு விதை. அது காய்க்குள்ளேயே முளைவிடும். ஆகவே, காயை அப்படியே நட வேண்டும்!

எல்லாரும் செடிகளை மாற்றிக்கொண்டனர். ஒரு பையன் மட்டும், மல்லிகைத் தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி நின்றான்.

'எங்க பாட்டி வெச்சது, சார். அவங்க இப்போ இல்ல. தர மாட்டேன்...' என்றான்.

அவனிடம் என் அனுபவத்தைச் சொன்னேன்...

ஒரு கோடையில், ஒரு மாதம் வெளியூர் போயிருந்தேன். வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியாதா... திரும்பி வந்தபோது, என் மனைவி ஆசையாய் வளர்த்த நந்தியாவட்டை கருகிக் கிடந்தது. பக்கத்து வீட்டுச் சிறுமியோ, நாங்கள் முன்பு கொடுத்த குச்சியை, செடியாகவே வளர்த்திருந்தாள். அதிலிருந்து ஒரு குச்சி தந்தாள். இப்போது எங்கள் வாசலில் பூப்பது அது தான்.

மல்லிகைத் தொட்டியை அவன் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு கிளையை வளைத்து, நடுப்பகுதியை வேறொரு தொட்டி மண்ணில் புதைத்து, நுனியை வெளியே விட்டு, தண்ணீர் ஊற்றி வரலாம். மூன்று, நான்கு மாதங்களில் வேர் பிடித்ததும், தாய்ச் செடியிலிருந்து வெட்டி விடலாம். இதற்குப் பெயர், பதியன்.

அன்றே, இரண்டு கிளைகளைப் பதியன் போட்டான் பையன்.

குட்டீஸ்... பூங்காவில் செடிகளை ஒடிக்காதீர். நாற்றுப் பண்ணையில் கேட்டு வாங்குங்கள். உங்கள் வீட்டில் உள்ள ஒரே செடியை, இன்னொரு வீட்டிலும் வாழ வையுங்கள். செய்வீர்கள் தானே!