அறுந்துபோகும் கம்பியில்லா இணையத் தொடர்பு: காரணங்களும் பரிகாரமும்

கம்பியில்லா இணையத் தொடர்பு இன்று பல வீடுகளில் மின்விளக்கைப் போல் இயல்பான சாதனமாகிவிட்டது. அங்கன்வாடிப் பணியாளர் குழந்தைகளின் எடையையும் உயரத்தையும், 2021-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘போஷன் டிராக்கர்’ செயலியின் வாயிலாகப் பதிவு செய்கிறார். ஆசிரியர், 2017-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘தீக்ஷா’ தளத்திலிருந்து பாடங்களைப் பெறுகிறார். பகலில் களத்தில் திரட்டிய விவரங்களை இரவில் வீட்டிலிருந்து அனுப்புவோரும் பலர். இந்நிலையில் தொடர்பு அடிக்கடி அறுந்துபோகுமாயின், ஒரு முறை செய்த வேலையை மறுமுறையும் செய்ய நேரிடுகிறது; பாடம் நடுவில் நின்றுவிடுகிறது.

இதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. குறை எங்கிருக்கிறது என்று ஆராயாமல் புதிய ரூட்டரை வாங்குவோரும், இணைப்பளிக்கும் நிறுவனத்தை மாற்றுவோரும் உளர். பணம் செலவாகிறது, குறையோ நீங்குவதில்லை. நோயை அறியாமல் மருந்தை மாற்றிக்கொண்டே போவதற்கு இஃது ஒப்பாகும். குறையுள்ள இடத்தை முதலில் அறிந்துகொண்டால், பெரும்பாலான குறைகளைச் செலவின்றியே தீர்த்துவிடலாம். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. ஒழுங்கான சோதனையே வேண்டும்.

தொடர்பின் மூன்று கண்ணிகள்

வீட்டு இணையத் தொடர்பை மூன்று கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலியாகக் கருதலாம். கைப்பேசி அல்லது கணிப்பொறியிலிருந்து ரூட்டர் வரையுள்ள காற்றுவழி முதற்கண்ணி. ரூட்டரும், அதனுடன் இணைந்த மோடமும், அவற்றுக்கு மின்சாரம் தரும் அடாப்டர்களும் இரண்டாவது கண்ணி. வீட்டிலிருந்து நிறுவனத்தின் நிலையம் வரை செல்லும் கண்ணாடி இழை அல்லது செம்புக் கம்பி மூன்றாவது கண்ணி. இவற்றுள் எது அறுந்தாலும் ‘இணையம் இல்லை’ என்ற ஒரே செய்தியே திரையில் தோன்றுகிறது. மக்கள் குழப்பமடைவதற்குக் காரணம் இதுவே.

கைப்பேசித் திரையின் மேல் விசிறிபோல் தோன்றும் அடையாளம் முதற்கண்ணியின் வலிமையை மட்டுமே காட்டுவது. அவ்வடையாளம் முழுமையாக இருக்கும்போதே மூன்றாவது கண்ணி முற்றிலும் அறுந்திருக்கக் கூடும்.

முதற்சோதனை

தொடர்பு அறுந்தவுடன் முதலில் கவனிக்கவேண்டியது, வீட்டிலுள்ள எல்லாச் சாதனங்களிலும் அறுந்ததா, அல்லது ஒன்றில் மட்டும் அறுந்ததா என்பது. ஒரு சாதனத்தில் மட்டும் எனில், குறை பெரும்பாலும் அச்சாதனத்தைச் சார்ந்தது. மின்கலத்தைச் சிக்கனப்படுத்தும் ஏற்பாடு சில கைப்பேசிகளில் வைஃபையை அவ்வப்போது துயிலச் செய்துவிடுகிறது. அவ்வேற்பாட்டை நீக்குவதும், வைஃபை இணைப்பை அழித்து மறுபடி கடவுச்சொல் தந்து சேர்ப்பதும் இதற்குரிய எளிய பரிகாரங்கள்.

எல்லாச் சாதனங்களிலும் அறுமாயின், கணிப்பொறியிலுள்ள ‘பிங்’ என்னும் கட்டளை துணைபுரியும். இக்கட்டளை ஒரு முகவரிக்குச் சிறு செய்தியை அனுப்பி, மறுமொழி வர எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று காட்டும். இரண்டு சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கும், மற்றொன்றில் வெளியுலகில் உள்ள 8.8.8.8 போன்ற ஒரு முகவரிக்கும் தொடர்ச்சியாகச் செய்தி அனுப்பவேண்டும். ரூட்டரின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பதாக இருக்கும். பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டிலும் அதனைக் காணலாம்.

தொடர்பு அறும் தருணத்தில் கிடைக்கும் விடை மூவகைப்படும். ரூட்டரிடமிருந்தே மறுமொழி நின்றால், குறை காற்றுவழியிலோ ரூட்டரிலோ உள்ளது. ரூட்டர் உடனுக்குடன் மறுமொழி தர, வெளி முகவரி மட்டும் மௌனமாயின், குறை மோடத்திலோ அதற்கு அப்பாலுள்ள கம்பியிலோ உள்ளது. இரண்டும் மறுமொழி தந்தும் பக்கங்கள் திறவாவிடில், தளங்களின் பெயரை எண்முகவரியாக மாற்றித்தரும் டி.என்.எஸ். சேவையில் தடையுள்ளது எனக் கொள்ளலாம்.

இம்முடிவை உறுதிப்படுத்த மற்றொரு சோதனை உண்டு. கணிப்பொறியை நெட்வொர்க் கேபிளால் ரூட்டருடன் நேரே இணைத்து ஓரிரு நாள் வேலை செய்து பார்க்கலாம். அப்போது தொடர்பு அறாமலிருந்தால் குறை காற்றுவழியினுடையது. அப்போதும் அறுமாயின் காற்றுவழி குற்றமற்றது.

காற்றுவழியில் நேரும் இடையூறுகள்

வைஃபை அலைகளும் வானொலி அலைகளின் இனத்தைச் சேர்ந்தவையே. நம் வீடுகளில் இரண்டு அலைவரிசைகள் பெரிதும் வழங்குகின்றன. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 240 கோடி அதிர்வுகள் கொண்டது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர். மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸை ஒட்டியது. அலைநீளம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். முன்னது சுவர்களைச் சற்று எளிதாக ஊடுருவும்; பின்னது விரைவு மிக்கது, ஆயினும் தடைகளால் எளிதில் நலிவது.

தடையற்ற வெளியில் தொலைவு இரு மடங்கானால் அலையின் திறன் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. வீட்டினுள் சுவர்கள் குறுக்கிடுவதால் இழப்பு இன்னும் மிகுதி. இரும்புக் கம்பி பதித்த கான்கிரீட் தளம், எஃகு அலமாரி, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவை பெருந்தடைகள். உலோகம் அலையைத் திருப்பிவிடுகிறது. நீர் அதனை உட்கொள்கிறது.

அலையின் வலிமையை ‘டி.பி.எம்.’ என்னும் அலகால் குறிப்பர். இதனை அளக்கும் செயலிகள் கைப்பேசிகளுக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. எண் −50 அளவில் இருப்பின் வலிமை நன்று. −67 அளவில் முகம் பார்த்துப் பேசுவதற்குப் போதுமானது. −80-க்குக் கீழே சென்றால் தொடர்பை நம்பியிருக்க இயலாது. எண் 10 குறைந்தால் திறன் பத்தில் ஒரு பங்காகும். எனவே −50-க்கும் −80-க்கும் உள்ள வேறுபாடு ஆயிரம் மடங்கு என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். ரூட்டரைத் தரையிலிருந்து உயர்த்தி, அலமாரிக்குள்ளிருந்து வெளியே எடுத்து, வீட்டின் நடுப்பகுதியில் வைப்பதனாலேயே இவ்வெண் கணிசமாக உயர்வதைப் பல வீடுகளிற் காணலாம்.

அடுத்தது அண்டை வீடுகளால் நேரும் நெருக்கடி. நம் நாட்டில் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி 2005-ஆம் ஆண்டில் உரிமம் இன்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. இச்சிறு பகுதிக்குள் வைஃபையோடு புளூடூத் கருவிகளும் இயங்குகின்றன. இதிலுள்ள சானல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. வைஃபை அலையோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் உடையது. ஆகவே ஒன்றோடொன்று மோதாமல் இயங்கக் கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்று சானல்களே. ஒரே சானலில் உள்ள இரு ரூட்டர்கள் ஒன்றன் பேச்சை மற்றொன்று கேட்டு, முறைவைத்துப் பேசுகின்றன. 3-ஆம் சானலைத் தேர்ந்தெடுத்தவரோ, 1, 6 ஆகிய இரண்டினருக்கும் வெறும் இரைச்சலாகிறார்; அவர்களுடைய இரைச்சலையும் தாமே ஏற்கிறார். அடுக்குமாடி வீடுகளில் இம்மூன்றனுள் நெருக்கடி குறைந்த ஒன்றைத் தேர்ந்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகவே வைத்துக்கொள்வது நலம்.

மைக்ரோவேவ் அடுப்பும் 2450 மெகாஹெர்ட்ஸ் அளவிலேயே இயங்குவது. அதன் திறன் பல நூறு வாட். வைஃபை ரூட்டர் வீசுவதோ பொதுவாக ஒரு வாட்டிற் பத்திலொரு பங்கை ஒட்டியது. எனவே அடுப்பினின்று தீங்கற்ற அளவில் கசியும் சிறு பகுதியும் அருகிலுள்ள தொடர்பைக் குலைக்கப் போதுமானது. யு.எஸ்.பி. 3.0 வகை வன்தட்டுகளும் அவற்றின் கேபிள்களும் இதே வரிசையில் இரைச்சலை எழுப்பக் கூடியவை. அவற்றை ரூட்டருக்கு அருகில் வைத்தலாகாது.

5 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் இடம் தாராளமானது. 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான அறிவிக்கையினால் 5150 முதல் 5350 வரையிலும், 5470 முதல் 5875 வரையிலும் ஆக 605 மெகாஹெர்ட்ஸ் உரிமம் இன்றிப் பயன்படுத்தக் கிடைத்தது. ரூட்டர் இருக்கும் அறையிலும் அடுத்த அறையிலும் இவ்வரிசையே தக்கது. எனினும் இதன் நடுப்பகுதியை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் அலையை உணர்ந்தால் அச்சானலைக் காலி செய்யும்படி அமைக்கப்பட்ட ரூட்டர்கள் பல உள்ளன. அவ்வேளையில் தொடர்பு திடீரென அறும். விமான நிலையம் அல்லது வானிலை ரேடார் அருகில் வசிப்போர் 36 முதல் 48 வரையுள்ள சானல்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

மின்சாரமும் வெப்பமும்

இரண்டாவது கண்ணியின் குறைகளுக்கு மின்சாரமே பெரும்பாலும் காரணம். ரூட்டர்களிற் பல 12 வோல்ட் அடாப்டரால் இயங்குபவை. ஆண்டுகள் செல்ல, வெப்பத்தினால் அடாப்டர் நலிந்து, வேலை மிகும்போது போதிய மின்னழுத்தம் தர இயலாமற்போகிறது. அப்போது ரூட்டர் தானே அணைந்து மறுபடி தொடங்குகிறது. எல்லா விளக்குகளும் ஒருங்கே அணைந்து மீண்டும் எரிவதே இதன் அடையாளம். அதே வோல்ட்டும், குறையாத ஆம்பியரும் உள்ள மற்றோர் அடாப்டரை மாற்றிப் பார்த்தாலே உண்மை விளங்கும். கோடையில் மூடிய அலமாரிக்குள்ளும், தொலைக்காட்சிப் பெட்டியின் மேலும் ரூட்டரை வைப்பது தகாது.

கண்ணாடி இழையின் குறைகள்

மூன்றாவது கண்ணி இன்று பல இடங்களில் கண்ணாடி இழையாகும். மோடத்தில் ‘எல்.ஓ.எஸ்.’ எனக் குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தால், நிலையத்திலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். வீட்டினுள் இழையைக் கூர்மையாக மடித்திருப்பினும், கதவிடுக்கில் நசுங்கியிருப்பினும் ஒளி வெளியே கசிந்துவிடும்; அதனைத் தளர்ந்த வளையமாகவே விடவேண்டும். வெளியே மழைநீர், எலி, மரக்கிளை ஆகியவை இழைக்குப் பகையாவன. 2015-ஆம் ஆண்டில் வாரணாசியில் கங்கைக் கரையோரத்து வைஃபை வசதிக்கான இழைகளைக் குரங்குகள் கடித்தமை செய்தித்தாள்களில் வெளிவந்தது. இக்குறைகளை நிறுவனத்தின் பணியாளரே சீர்செய்ய இயலும். இழையின் முனையைக் கழற்றி அதனுள் கண்ணால் நோக்குவது ஆபத்தானது. அதனூடே வரும் லேசர் ஒளி கண்ணுக்குப் புலப்படாதது.

குறிப்பேட்டின் பயன்

விட்டுவிட்டு நேரும் குறையைப் பிடிக்க ஒரு குறிப்பேடு பெரிதும் உதவும். தொடர்பு அறுந்த நேரம், எந்தச் சாதனங்கள், எந்த விளக்குகள் எரிந்தன, பிங் சோதனையின் விடை, அப்போது வீட்டில் இயங்கிய கருவிகள் ஆகிய ஐந்தினையும் ஒரு வாரம் குறித்துவரவேண்டும்.

உதாரணமாக, மாலைதோறும் தொடர்பு அறும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அண்டை வீட்டாரின் நெருக்கடியே காரணம் என வீட்டார் கருதுகின்றனர். குறிப்பேடு வேறொன்றைக் காட்டுகிறது. அறுந்த வேளைகள் யாவும் மின்தடை நேர்ந்த வேளைகள். ரூட்டர் இன்வெர்ட்டரில் இணைக்கப்பட்டிருப்பதால் வைஃபை அடையாளம் முழுமையாகத் தெரிகிறது. வாயிலருகே உள்ள மோடமோ இன்வெர்ட்டர் இணைப்பு இல்லாத பிளக்கில் செருகப்பட்டிருக்கிறது. மின்சாரம் ஒரு விநாடி நின்று வந்தாலும் அது மறுபடி தொடங்கச் சில நிமிடங்கள் ஆகின்றன. பரிகாரம், பிளக்கை மாற்றிச் செருகுவது மட்டுமே. குறிப்பேடு இல்லாவிடில் அவ்வீட்டார் புதிய ரூட்டரை வாங்கியிருப்பர். மாலையில் தொடர்பும் அறுந்துகொண்டே இருந்திருக்கும்.

பரிகாரம் காணும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். இடம், சானல், அடாப்டர் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் மாற்றியவர், குறை நீங்கினாலும் அது எதனால் நீங்கிற்று என்பதை அறியமாட்டார். நிறுவனத்திடம் முறையிடும்போதும், ‘அடிக்கடி அறுகிறது’ என்பதைவிட, ‘ரூட்டர் மறுமொழி தந்தது, வெளி முகவரி இன்ன நேரத்தில் இத்தனை நிமிடம் மறுமொழி தரவில்லை’ என்று கூறுவதே விரைவிற் பயன் தரும்.

வகுப்பறைக்கு ஒரு சோதனை

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் இப்பொருளைப் பௌதிகப் பாடமாகவும் நடத்தலாம். அலைவலிமையைக் காட்டும் செயலியுள்ள கைப்பேசியை ரூட்டரிலிருந்து 2, 4, 8 மீட்டர் தொலைவுகளில் வைத்து, ஒவ்வோரிடத்திலும் பத்து அளவீடுகள் எடுத்துச் சராசரி காணச் செய்யலாம். பின்னர் கைப்பேசிக்கும் ரூட்டருக்கும் இடையே வெறும் பிளாஸ்டிக் குடங்களை வரிசையாக வைத்தும், அவற்றிலேயே நீர் நிரப்பியும் அளக்கலாம். இறுதியில் கைப்பேசியை அலுமினியத் தாளால் சுற்றி அளக்கலாம். கல்கத்தாவில் 1895-ஆம் ஆண்டையொட்டி ஜகதீச சந்திர போஸ் கம்பியின்றி அலைகளைச் சுவர்களினூடே செலுத்தி மணியை ஒலிக்கச் செய்த வரலாற்றையும் இங்குச் சேர்த்துக் கூறலாம். அச்சோதனையின் தத்துவமே தம் வீட்டு ரூட்டரிலும் செயற்படுவதை மாணவர் கண்டுகொள்வர்.

எத்துணை முயன்றாலும் காற்றுவழி, கம்பிவழியைப் போல உறுதியுடையதாகாது. எனவே தேர்வு விண்ணப்பம், நேர்முகத் தேர்வு, பெருந்தொகுதியான விவரங்களை அனுப்புதல் போன்ற தவறவிடக்கூடாத வேலைகளுக்குக் கணிப்பொறியை நெட்வொர்க் கேபிளால் இணைத்துக்கொள்வது சாலச் சிறந்தது. அக்கேபிள் 100 மீட்டர் வரை செம்மையாக இயங்கக் கூடியது. களத்தில் திரட்டிய விவரங்களின் பிரதி ஒன்றையும், அவை சேர்ந்ததாக உறுதி வரும்வரை, கைவசம் வைத்திருத்தல் நல்ல வழக்கமாகும்.