வாக்கர்: கம்பளியை மிதித்தவர்களின் பெயர்

வாக்கர் என்னும் ஆங்கிலக் குடும்பப் பெயர் 'நடப்பவர்' என்று பொருள்படுவது போலத் தோன்றினாலும், அது உண்மையில் இடைக்கால இங்கிலாந்தின் கம்பளித் தொழிலில் பிறந்த பெயராகும். உருட்டுதல், புரட்டுதல் என்னும் பொருளுடைய பழைய ஆங்கில வினை ஒன்றிலிருந்து தோன்றிய இச்சொல், நெய்த கம்பளித் துணியை மிதித்துப் பதப்படுத்தும் தொழிலாளியைக் குறித்தது.

தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி, ஆட்டு மயிரின் கொழுப்புப் பிசுக்கோடும் நெருக்கமற்ற இழைகளோடும் இருக்கும் என்பதால், அதைத் தொட்டியில் இட்டு, அம்மோனியா மிகுந்த நாட்பட்ட சிறுநீரையும், முல்தானி மட்டியைப் போன்று எண்ணெயை உறிஞ்சும் களிமண்ணையும் சேர்த்து, நெடுநேரம் காலால் மிதிப்பது வழக்கமாக இருந்தது. மிதிக்க மிதிக்க இழைகள் பின்னிச் சுருங்கித் துணி தடித்து, குளிரும் மழையும் எளிதில் ஊடுருவாத ஆடைக்கு உரியதாயிற்று. 12ஆம் நூற்றாண்டு முதல், நீர்விசையால் இயங்கும் மரச் சம்மட்டிகள் கால்களின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கின. ஆனால் தொழிலின் பழைய பெயர் மாறவில்லை.

இத்தொழிலாளியை இங்கிலாந்து முழுவதும் ஒரே சொல்லால் அழைக்கவில்லை என்பதுதான் இப்பெயரின் வரலாற்றில் மிகச் சுவையான பகுதி. வடக்கிலும் மேற்கு நடுநாட்டிலும் வாக்கர், தென்கிழக்கில் இலத்தீன் வேருடைய புல்லர், டெவன் முதலான தென்மேற்குப் பகுதிகளில் டக்கர் என வட்டார வழக்குகள் வேறுபட்டன. நார்மானியர் 1066இல் இங்கிலாந்தை வென்றபின் பிரபுக்களிடையே வேரூன்றிய பரம்பரைப் பெயர் வழக்கம், 1400ஐ ஒட்டிப் பொதுமக்களிடமும் பெரும்பாலும் பரவியபோது, மூன்று சொற்களும் மூன்று குடும்பப் பெயர்களாக உறைந்தன. எனவே இப்பெயர்கள் முன்னோரின் தொழிலோடு, அவர்கள் பேசிய வட்டாரத்தையும் ஓரளவு காட்டிக்கொடுக்கின்றன.

கம்பளிக்குப் பெயர்பெற்ற வடநகரமான ராக்டேலில் 1868இல் பிறந்த கில்பர்ட் வாக்கர், தமிழர் நினைவில் கொள்ளத்தக்கவர். கேம்பிரிட்ஜில் பயின்ற இக்கணித அறிஞர், 1904இல் இந்திய வானிலை ஆய்வகங்களின் தலைமைப் பொறுப்பை ஏற்று, பருவமழை பொய்ப்பதன் காரணத்தைத் தேடிப் பல நாடுகளின் வானிலைப் பதிவுகளை ஒப்பிட்டு, பசிபிக் கடற்பரப்பிலும் இந்தியப் பெருங்கடற்பரப்பிலும் காற்றழுத்தம் ஒன்றில் ஏறும்போது மற்றதில் இறங்குவதைக் கண்டறிந்தார். எல் நினோ பற்றிய இன்றைய புரிதலின் அடித்தளங்களுள் இதுவும் ஒன்று. சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜனின் கணிதக் குறிப்புகளை 1913இல் பார்வையிட்டு, அவருக்கு உதவுமாறு சென்னைப் பல்கலைக்கழகத்திற்குப் பரிந்துரைத்தவரும் இவரே. அதையடுத்து ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது.

உரசினால் பற்றும் தீக்குச்சியை 1827இல் விற்பனைக்குக் கொண்டுவந்து, அதற்குக் காப்புரிமை பெறாமலே விட்ட மருந்து வணிகர் ஜான் வாக்கரும் வடக்கைச் சேர்ந்தவர். அட்லாண்டிக்கின் மறுகரையிலோ பெயர் வேறு வழிகளிலும் பரவிற்று. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் பல அடிமை முறையின் ஊடே வந்து சேர்ந்தவை. ஆகவே, 1983இல் புலிட்சர் பரிசு பெற்ற நாவலாசிரியர் ஆலிஸ் வாக்கரைப் போன்றோரின் பெயரிலிருந்து எந்தக் கம்பளி மிதித்த மூதாதையையும் ஊகிக்க இயலாது. அம்மக்களில் விடுதலைக்கு முன் அடிமைகளாக இருந்தோர் பெரும்பாலும் பெயரோடு பதிவான முதல் தேசியக் கணக்கெடுப்பு 1870இல் நடந்தது என்பதால், அவர்களின் குடும்ப வரலாற்றைத் தேடுவோர் பலர் அந்த ஏடுகளிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.