யோசனையா, விதியா?

2024ஆம் வருஷம் நவம்பர் 8ஆம் தேதியன்று சுப்ரீம் கோர்ட்டில் வெளியான தீர்ப்பொன்றை நம் நேயர்களிற் பலர் கவனியாது விட்டிருக்கலாம். அலிகார் முஸ்லிம் சர்வகலாசாலை வழக்கின் தீர்ப்பும் அன்றே வெளியானபடியால், ஜனங்களின் கவனம் அதன்மேற் சென்றது இயல்பே. ஆயினும் நாம் குறிப்பிடும் ராஜீவ் ரதூரி வழக்கின் தீர்ப்பு, ஒவ்வோர் ஊரிலும் உள்ள ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கச்சேரி ஆகியவற்றின் வாசற்படியைத் தொடுவதாகும்.

பார்லிமெண்டு 2016இல் இயற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, கட்டிடங்கள் முதலியவற்றை அவர்கள் தடையின்றி அணுகுவதற்குரிய தரங்களை மத்திய சர்க்கார் விதிகளாகவே வகுக்கவேண்டும் என்கிறது. சர்க்கார் 2017இல் செய்ததென்ன? 15ஆம் விதி என்று ஒன்றை எழுதி, அதில் இலாகாவின் வழிகாட்டு நெறிகளைச் சுட்டிக்காட்டிவிட்டனர். அந்நெறிகளோ, பல இடங்களில் செய்யலாம் என்றும் செய்வது நலம் என்றும் யோசனை கூறுபவை. சட்டம் கட்டளையிட, விதி கெஞ்சிற்று! அவ்விதி தாய்ச் சட்டத்துக்கு முரணானது என்று அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதிகள் பார்திவாலா, மனோஜ் மிஸ்ரா ஆகியோர் தீர்ப்பளித்து, கட்டாயமானவற்றைத் தனியே பிரித்து மூன்று மாதத்தில் விதிகளாக வகுக்குமாறு உத்தரவிட்டனர்.

இது வெறும் சொற்சண்டை அன்று. 44ஆம் பிரிவின்படி, விதிக்கு ஒவ்வாத பிளானுக்கு அனுமதி கிடையாது. கட்டி முடித்தாலும் நிறைவுச் சான்றிதழ் கிடையாது. 89ஆம் பிரிவு முதற் குற்றத்துக்கு 10,000 ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் 50,000 முதல் 5 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கிறது. ஆனால் மீறப்பட்ட விதி எதுவென்று அளவோடு காட்டினாலன்றி எந்த அதிகாரி அபராதம் போடுவார்? ஓரடி உயரம் ஏறப் பன்னிரண்டடி நீளச் சாய்வு வேண்டுமென்பது நெறி. அஃது யோசனையாக இருக்குமட்டும், மோட்டார் சைக்கிள் ஏற்றவே தகுந்த நெட்டுச் சரிவொன்றை வாசலிற் போட்டுவிட்டு, சக்கர நாற்காலிக்கு வழி செய்தாயிற்று என்று காண்டிராக்டர் போய்விடுவார். அளவே விதியாகிவிட்டால், நாடாவைப் பிடித்து அளந்து சான்றிதழை நிறுத்திவைக்க முனிசிபல் இஞ்சினீயருக்கு ஆதாரம் உண்டு. அவருக்கு மனமும் வேண்டும் என்பது வேறு விஷயம்.

பணத்துக்கு எங்கே போவதென்பர் சிலர். 1995ஆம் வருஷத்துச் சட்டம், பொருளாதார சக்திக்கு உட்பட்டு என்றொரு வாசகத்தைச் சேர்த்து, அந்தச் சாக்குக்குத் தானே இடங்கொடுத்தது. 2016ஆம் வருஷத்துச் சட்டத்தின் 44, 45ஆம் பிரிவுகளில் அவ்வாசகம் இல்லை.

வழக்குத் தொடுக்கப்பட்டது 2005இல் என்பதை நேயர்கள் நினைக்கவேண்டும். 45ஆம் பிரிவு பழைய பொதுக் கட்டிடங்களைத் திருத்த, விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து வருஷத் தவணை அளிக்கிறது. 2017ஆம் வருஷத்து விதிகளிலிருந்து எண்ணினால் அத்தவணை 2022இலேயே தீர்ந்தது. புதிய விதிகளின் பேரைச் சொல்லி மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவதை நாம் ஒப்போம். நம் நேயர்களில் முனிசிபல் கவுன்சிலர்களாயிருப்போர், தம் ஊரில் சென்ற வருஷம் சாய்தளத்தை அளந்து பார்த்தபின் நிறைவுச் சான்றிதழ் பெற்ற கட்டிடங்கள் எத்தனை என்று அடுத்த கூட்டத்திலேயே கேள்வி கேட்பார்களாக.