தக்காளி இலையில் வெள்ளைக் கோடா? முனையைப் பாருங்கள்

தக்காளி நட்ட சில வாரங்களில் அடி இலைகளில் பாம்பு நெளிந்ததுபோல் வெள்ளைக் கோடுகள் விழும். பார்த்த அன்றே மருந்துக் கடைக்குப் போவதுதான் நம் வழக்கம். அங்கே செலவாகும் பணத்தில் ஒரு பகுதி காலி வீட்டுக்குப் பூட்டுப் போடுவதற்குத்தான் பயன்படுகிறது.

கோடு போடுவது இலைத்துளைப்பான் ஈ. பாம்பு ஈ என்றும் சொல்வார்கள். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இந்த ஈ, 1990-களின் தொடக்கத்தில் நம் நாட்டில் கண்டறியப்பட்டது. கடுகளவுதான் இருக்கும். ஆனால் தக்காளி, அவரை, தட்டைப்பயறு, வெள்ளரி, பூசணி, ஆமணக்கு, பருத்தி, செவ்வந்தி என எதையும் விடுவதில்லை.

தாய் ஈ இலையைக் குத்தி உள்ளே முட்டையிடும். புழு இலையின் இரு தோல்களுக்கும் நடுவே பச்சையத்தைத் தின்றபடி நகரும். அது வளர வளரக் கோடும் அகலமாகும். சுமார் ஒரு வாரத்தில் இலையைக் கிழித்து வெளியேறி, பெரும்பாலும் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும்.

வயலின் நாலு மூலையிலும் நடுவிலும் சில இலைகளைப் பறித்து, கோட்டின் அகலமான முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மஞ்சள் புழு தெரிந்தால் தாக்குதல் நடந்துகொண்டிருக்கிறது. சிறு கீறல் மட்டும் இருந்தால் புழு போய்விட்டது. புழு கருத்துச் செத்துக் கிடந்தால், பெரும்பாலும் அது ஒட்டுண்ணிக் குளவியின் வேலை. மருந்தடிக்காத வயலில் இந்த ஈயை அடக்கி வைப்பவை இந்தக் குளவிகளே. கண்ட மருந்தையும் தெளித்தால் இலைக்குள் இருக்கும் புழு தப்பிக்கும், வெளியே பறக்கும் குளவி சாகும். அடித்த பிறகு கோடு கூடுவது இதனால்தான்.

வளர்ந்த செடியில் அடி இலை சில போனாலும் காய்ப்புக் குறையாது. கோடு விழுந்த அடி இலைகளைக் கிள்ளி எரித்துவிடலாம். இளஞ்செடியில் உயிருள்ள புழு நிறைய இருந்தால் மட்டும் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் தெளியுங்கள். 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, இரவு முழுதும் தண்ணீரில் ஊற வைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் அடிக்கலாம். யூரியாவை அள்ளிப் போட்ட வயலில் தாக்குதல் அதிகம் என்பதையும் கவனியுங்கள்.

கோடாக இல்லாமல் இலையில் அகலத் திட்டுகளும், காயில் ஊசித் துளைகளும் இருந்தால் அது வேறு பூச்சி. 2014-ல் இந்தியாவில் கண்டறியப்பட்ட டூட்டா அந்துப்பூச்சியாக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு; இலையையும் காயையும் எடுத்துக்கொண்டு வட்டார வேளாண் அலுவலகத்துக்குப் போய்விடுவது நல்லது.

நாற்று வாங்கும்போதும் இலையைத் திருப்பிப் பாருங்கள். கோடு விழுந்த நாற்று விலை குறைவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.