கூண்டிலிருந்து கேள்வி கேட்டவர்

1933 நவம்பர் 4. லைப்சிக்கில் தொடங்கிய வழக்கு, சாட்சி விசாரணைக்காக பெர்லினுக்கு மாறியிருந்தது. சாட்சி சொல்ல வந்தவர் ஹெர்மன் கோரிங், நாஜி ஆட்சியின் இரண்டாம் பெரும்புள்ளி. அவரைக் குறுக்கு விசாரணை செய்தவர் வக்கீல் அல்ல. கூண்டில் நின்ற பல்கேரியக் கைதி கியோர்கி டிமிட்ரோவ். என் கேள்விகளைக் கண்டு பயமா என்று அவர் கேட்டதும் கோரிங் நிதானம் இழந்து கத்தினார். நீதிபதி வெளியேற்றியது கைதியைத்தான்.

1882இல் கோவச்சேவ்த்சி கிராமத்தில் பிறந்த டிமிட்ரோவ், பள்ளிப் படிப்பை விட்டுவிட்டுச் சிறுவயதிலேயே அச்சகத்தில் எழுத்துக் கோக்கப் போனவர். தொழிற்சங்கம் அவரை வளர்த்தது. 1913இல் நாடாளுமன்றத்துக்குள் அனுப்பியது. 1923 செப்டம்பரில் கம்யூனிஸ்ட்டுகள் நடத்திய கிளர்ச்சி தோற்றதும் எல்லை தாண்டித் தப்பினார். அவர் இல்லாமலேயே பல்கேரிய நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஒரு தம்பி சைபீரிய நாடுகடத்தலில் இறந்தார். இன்னொருவரை 1925இல் சோஃபியா போலீஸ் கொன்றது.

பெர்லினில் தலைமறைவாக இருந்தபோதுதான் ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. தீ வைத்த சதியில் பங்கு என்று பத்தே நாளில் டிமிட்ரோவ் கைதானார். ஐந்து மாதம் இரவும் பகலும் கைவிலங்கு. அந்தக் கைகளோடுதான் சிறையில் புத்தகம் புரட்டி, தனக்கான வாதத்தைத் தானே தயாரித்தார். அவருடைய வயதான தாய் பரஷ்கேவா மகனுக்காக வெளிநாட்டு மேடைகளில் ஏறினார். டிசம்பர் 23இல் விடுதலைத் தீர்ப்பு வந்தது. ஆனாலும் சோவியத் குடியுரிமை கிடைத்து மாஸ்கோவுக்கு விமானம் ஏற மேலும் இரண்டு மாதம் ஆனது. ஹிட்லரின் ஆட்சியை அதன் நீதிமன்றத்திலேயே தலைகுனிய வைத்த மனிதர் என்று உலகம் கொண்டாடியது. அந்தப் புகழுக்கு அவர் முழுக்கத் தகுதியானவர்.

1935இல், உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான கம்யூனிஸ்ட் அகிலத்தின் பொதுச் செயலாளரானார். சமூக ஜனநாயகவாதிகளைப் பகைவர்களாகவே பார்த்துவந்த கட்சிகளிடம், பாசிசத்துக்கு எதிராக அவர்களோடு கைகோக்கச் சொன்னார். அடுத்த ஆண்டே பிரான்சிலும் ஸ்பெயினிலும் மக்கள் முன்னணிகள் தேர்தலில் வென்றன.

பிறகு வருவதை எழுதக் கை தயங்குகிறது. ஆனால் எழுதாமல் விட்டால் இந்த வரலாறு பொய்யாகிவிடும்.

நாடு திரும்பியிருந்த டிமிட்ரோவ் 1946 நவம்பரில் பல்கேரியாவின் பிரதமரானார். எதிரணியை வழிநடத்தியவர் விவசாயிகள் கட்சித் தலைவர் நிகோலா பெட்கோவ். போர்க்காலத்தில் கம்யூனிஸ்ட்டுகளோடு ஒரே அணியில் நின்ற கூட்டாளி. 1947 ஜூனில் அவரை நாடாளுமன்றத்துக்குள்ளேயே கைது செய்தார்கள். அரசைக் கவிழ்க்கச் சதி என்று வழக்கு. ஆகஸ்டில் மரண தண்டனை. அமெரிக்காவும் பிரிட்டனும் கண்டித்தன. செப்டம்பர் 23இல் தூக்கிலிட்டார்கள். வெளிநாடுகள் தலையிடாமல் இருந்திருந்தால் தண்டனை குறைந்திருக்கலாம் என்று டிமிட்ரோவ் பின்னர் பேசினார். வெளிநாட்டு மக்களின் குரல் துணையிருந்ததால் உயிர் பிழைத்தவர் சொன்ன வார்த்தை அது!

1949 ஜூலை 2இல் மாஸ்கோ அருகே டிமிட்ரோவ் இறந்தார். உடல் சோஃபியா வந்து சேர்வதற்குள், ஆறே நாளில் வெள்ளைக் கல்லறை மாளிகை எழும்பியது. பதப்படுத்திய உடலைப் பார்க்க நாற்பது ஆண்டு வரிசை நின்றது.

1990இல் பெட்கோவ் மீதான தீர்ப்பு ரத்தானது. அதே ஆண்டு டிமிட்ரோவின் உடல் மாளிகையிலிருந்து அகற்றப்பட்டு எரியூட்டப்பட்டது. 1999 ஆகஸ்டில் காலியாகக் கிடந்த மாளிகைக்கு வெடி வைத்தார்கள். முதல் வெடிக்குக் கட்டடம் விழவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.