நீரும் தூண்டிலும் – 9: கோபத்தில் கடிக்கிற விரால்

மணமேல்குடி பக்கம் வெள்ளாறு கடலைத் தொடும் இடத்துக்கு இந்த வாரம் போவதாகச் சொல்லியிருந்தேன். மறக்கவில்லை. ஸ்காட்லாந்தில் சால்மன் அருகிப்போன ஆறுகளில், தூண்டிலில் சிக்கியதை ஆற்றிலேயே விட்டாக வேண்டும் என்று 2016இல் வந்த சட்டத்தோடு சென்ற பகுதியை நிறுத்தியிருந்தேன். அதே சட்டம் நம் கண்மாயில் பலிக்குமா என்று யோசிக்கப்போய், விராலிடம் மாட்டிக்கொண்டேன்.

விரால் பிள்ளை வளர்க்கிற மீன். மழைத் தண்ணீர் ஏறியதும் ஆணும் பெண்ணுமாகக் கரையோரப் பாசியை விலக்கி இடம் செய்கின்றன. முட்டை மிதக்கும். பொரித்த குஞ்சுகள் செக்கச்செவேலென்று கூட்டமாகத் திரியும். விராலுக்குக் காற்றும் வேண்டும் அல்லவா? அத்தனை பொடிசுகளும் மூச்சுக்கு மேலே வரும்போது, அந்த இடத்துத் தண்ணீர் மட்டும் உலை கொதிப்பதுபோல் குமிழியிடும். அடியில் பெரியது காவல் நிற்கும்.

தூண்டில்காரருக்கு இது தெரியும். கொதிக்கிற இடத்தில் ரப்பர் தவளையைப் போட்டு இழுத்தால் போதும், ஒரே பாய்ச்சல். பசியில் இல்லை, குஞ்சைத் தின்ன வந்த எதிரி என்று நினைத்துக் கடிக்கிறது. அதைக் கரையேற்றி, படம் எடுத்து, பெருந்தன்மையாகத் திரும்ப விடுவதற்குள் கெளுத்தியும் கெண்டையும் குஞ்சுகளை ஒரு கை பார்த்துவிடும். தாயும் தகப்பனும் பிழைத்து என்ன பயன்? ஸ்காட்லாந்துச் சட்டம் இங்கே தோற்கிற இடம் இதுதான்.

நம் ஊர்க்காரர்கள் வேறு வழி வைத்திருந்தார்கள். பொன்னமராவதி வட்டாரத்தில், குத்தகைக்கு விடாத கண்மாயில் கோடை வரை யாரும் மீனில் கை வைப்பதில்லை. தண்ணீர் வற்றியதும் நாள் குறித்து, ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசினால், ஊத்தாக் கூடையும் கச்சாவும் வலையுமாகச் சனம் மொத்தமும் இறங்கும். நானும் ஒருமுறை இரவல் ஊத்தாவோடு இறங்கினேன். ஒரு மணி நேரத்தில் கிடைத்தது ஒரு செருப்பும், என் உள்ளங்கை நீளத்தில் ஒரு ஜிலேபிக் கெண்டையும். செருப்பு என்னுடையதில்லை. பக்கத்தில் இருந்த அக்கா, “தம்பி, சேத்துக்குள்ள கைய விடு, விரால் அங்கதான் படுத்துருக்கும்” என்றார். விட்டேன். கெளுத்தி முள் குத்தியது.

அந்தத் துண்டு விழும்வரை காத்திருப்பதுதான் அசல் பாதுகாப்பு. குஞ்சுகள் வளர்ந்து பிரிந்துபோக அவகாசம் கிடைத்துவிடுகிறது. இந்த மீன்பிடித் திருவிழாவில் தூண்டிலுக்கும் ஒரு வரிசை ஒதுக்கலாம், வெளியூர்க்காரரிடம் கட்டணமும் வாங்கலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் பைக்கில் வந்து ராடு வீசுகிறவருக்கு அந்தக் கட்டுப்பாடு தெரியாது. கேட்பதும் இல்லை.

வெள்ளாறு அடுத்த வாரம், நிச்சயமாக. அதற்குள் கண்மாய்ப் பக்கம் போகிறவர்கள், தண்ணீரில் சிவப்பாக ஏதாவது கொதிப்பதைப் பார்த்தால் தயவுசெய்து தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.