பெஸ்ட் பிளேயர் கப் கைல இருக்கு, சம்பளம் எங்கே? காலேஜ் பாஸ்கெட்பால் சொல்லித் தரும் அவார்டு கணக்கு



மார்ச் முடிஞ்சா நிறைய கம்பெனிகளில் அப்ரைசல் சீசன். "ஸ்டார் பெர்ஃபார்மர்", "எம்ப்ளாயி ஆஃப் தி இயர்" என்று மெயில் வரும், கைதட்டு கிடைக்கும், கொஞ்சம் பணமும் வரலாம். அந்த வாரமே பைக் ஷோரூம் வாசலில் நிற்கத் தோணும். நிற்பதற்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சிடுங்க.

அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே நேரம்தான் இன்னொரு அவார்டு சீசன். ஆண்கள் காலேஜ் பாஸ்கெட்பாலில் அந்த சீசனின் சிறந்த வீரர் யார் என்று தேர்ந்தெடுப்பாங்க. 1969-லிருந்து நெய்ஸ்மித் விருது, 1977-லிருந்து ஜான் வுடன் விருது. இவைதான் பெரிய பெயர்கள். காலேஜ் முடிச்ச பிறகு என்பிஏ என்ற தொழில்முறை லீக், டிராஃப்ட் மூலம் வருஷத்துக்கு சுமார் 60 பேரை வரிசையாக எடுக்கும். நம்ம கேம்பஸ் இன்டர்வியூ மாதிரின்னு வெச்சுக்கோங்க.

ரெண்டு விருதையும் வாங்கியவர்கள், டிராஃப்டில் எத்தனையாவது இடம்?

- 2019, ஸயான் வில்லியம்சன் (டியூக்): 1-வது இடம்
- 2020, ஓபி டாப்பின் (டேட்டன்): 8-வது இடம்
- 2021, லூகா கார்ஸா (அயோவா): 52-வது இடம்
- 2022, ஆஸ்கர் ஷிப்வே (கென்டக்கி): 2023 டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை
- 2023, 2024, ஸாக் ஈடி (பர்டூ): 2024-ல் 9-வது இடம்
- 2025, கூப்பர் ஃப்ளாக் (டியூக்): 1-வது இடம்

ஒரே கோப்பை. ஆனா சம்பளம் மலைக்கும் மடுவுக்கும்!

முதல் 30 இடங்களில் வந்தால் சம்பள அட்டவணை முன்கூட்டியே உண்டு, முதல் 2 வருட சம்பளம் உறுதி. அதுக்குக் கீழே போனால் அந்த உறுதி கிடையாது, பேசி வாங்குவதுதான். ஷிப்வேக்குக் கிடைத்தது "டூ-வே" ஒப்பந்தம். புதுசா வர்றவருக்கான குறைந்தபட்ச சம்பளத்தில் பாதிதான் அது.

ஏன் இப்படி? கார்ஸா மோசமான வீரரா? இல்லவே இல்லை. அவர் போட்ட 55-ம் எண் ஜெர்சியை இனி யாருக்கும் தரமாட்டோம் என்று அயோவா பல்கலைக்கழகமே மரியாதை செஞ்சது. விஷயம் இதுதான்: விருது, முடிஞ்சுபோன சீசனுக்கான மதிப்பெண். சம்பளம், இனி வரப்போற சீசன்களுக்கான விலை. டிராஃப்ட் அன்னைக்கு ஸயானுக்கும் ஃப்ளாக்குக்கும் வயசு 18. கார்ஸாவுக்கு 22, ஷிப்வேக்கு 23. "இன்னும் எவ்வளவு வளருவார், எங்க ஆட்டத்துக்குப் பொருந்துவாரா?" என்று பார்த்துத்தான் அணிகள் காசு போடுது.

நேரமும் சேர்ந்து விளையாடும். காலேஜ் வீரர்கள் தங்கள் பெயரை வெச்சு விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்ற அனுமதி 2021 ஜூலை 1-ல்தான் வந்தது. கார்ஸாவின் கடைசி காலேஜ் மேட்ச் அதே வருஷம் மார்ச்சில். மூணே மாசத்தில் போச்சு!

நம்ம ஊர்ல எப்படி?

இந்தியாவின் முன்னணி பாஸ்கெட்பால் வீரர் விஷேஷ் பிருகுவன்ஷிக்கு 2020-ல் அர்ஜுனா விருது கிடைச்சது. பரிசுத்தொகையை 5 லட்சத்திலிருந்து 15 லட்சமாக உயர்த்தியதும் அந்த வருஷம்தான். பெரிய தொகை, ஆனா ஒரு தடவைதான் வரும். மாசாமாசம் வீட்டை நடத்துறது அவர் ஆடும் ஓஎன்ஜிசி மாதிரியான நிறுவனங்களின் வேலை.

காலேஜ் டீமில் ஆடும் தம்பி உங்க வீட்டில் இருந்தா இதை அவசியம் சொல்லுங்க. மத்திய அரசின் குரூப் சி பணிகளில் நேரடி நியமனத்தில் 5 சதவீதம் வரை விளையாட்டு வீரர்களுக்குத் தரலாம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியிருந்தாலும் அதுக்குத் தகுதி உண்டு, பாஸ்கெட்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கு. அங்கே கேட்பது ஷோகேஸில் இருக்கும் "பெஸ்ட் பிளேயர்" கப்பை இல்லை; பல்கலைக்கழகம் தரும் படிவம் 3 சான்றிதழை. கப் கிடைச்சா சந்தோஷம். சான்றிதழைத்தான் பத்திரமா வைக்கணும்.

இப்போ உங்க அவார்டுக்கு வருவோம்

ஒரு உதாரணம். உங்களுக்கு 40,000 ரூபாய் அவார்டு. உங்க நண்பருக்கு அவார்டு இல்லை, ஆனா மாசம் 2,000 ரூபாய் கூடுதல் இன்கிரிமென்ட். 20 மாசத்தில் அவர் உங்களைப் பிடிச்சிடுவார். 3 வருஷத்தில் அவருக்கு 72,000. அடுத்தடுத்த ஹைக்கும் அந்தக் கூடின சம்பளத்தின் மேலதான் கணக்காகும்.

அதே 40,000-ஐ நம்பி, மாசம் 4,500 ரூபாய் இஎம்ஐயில் 36 மாசத்துக்கு பைக் எடுத்தா மொத்தம் கட்டுவது 1,62,000. அவார்டு பணம் 9 மாச இஎம்ஐக்குக்கூட முழுசா வராது. மீதி 27 மாசம் சம்பளத்திலிருந்துதான் போகும்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஆட்களுக்கு இது சட்டுனு புரியும். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து திருவண்ணாமலையில் (அருணாசலேஸ்வரர் ஊர் இல்லைங்க, சீனிவாசப் பெருமாள் மலை) புரட்டாசி சனிக்கிழமை கூட்டம் எப்படி இருக்கும்னு தெரியும்ல? அன்னைக்கு அடிவாரத்தில் நடக்கிற வியாபாரத்தைப் பார்த்து வருஷம் முழுக்க அதே வாடகைக்கு யாராவது கடை பிடிப்பாங்களா? அவார்டு பணம் உங்க புரட்டாசி சனிக்கிழமை. இஎம்ஐ வருஷம் முழுக்க வரும் வாடகை.

செய்ய வேண்டியது நாலு

1. அவார்டு பணமாக வந்தா அது சம்பளத்தோட சேர்ந்துடும், உங்க ஸ்லாப்படி வரி உண்டு. அரசு ஒப்புதல் பெற்ற பொதுநல விருதுகளுக்கான விலக்கு, கம்பெனி அவார்டுக்குக் கிடையாது. கையில் வரும் தொகையை வெச்சு மட்டும் பிளான் போடுங்க.

2. இஎம்ஐ முடிவு பண்ணும்போது மாசா மாசம் உறுதியா வரும் சம்பளத்தை மட்டும் பாருங்க. போனஸ், இன்சென்டிவ், அவார்டு எதையும் சேர்க்காதீங்க.

3. வந்த பணத்தில் முதலில் கிரெடிட் கார்டு பாக்கி, அப்புறம் அவசர நிதி. இது ரெண்டும் சரியா இருந்தா கொஞ்சம் கொண்டாடுங்க, தப்பே இல்லை.

4. அவார்டு வந்த மெயிலையும், என்ன வேலைக்காகத் தந்தாங்க என்ற விவரத்தையும் சேமிச்சு வைங்க. அப்ரைசல் மீட்டிங்கில் "அவார்டு தந்தீங்களே சார்"னு நிறுத்தாதீங்க. "போன வருஷம் இதை முடிச்சேன், அடுத்த வருஷம் இந்தப் பொறுப்பை எடுத்துக்கிறேன், அதுக்கு என் சம்பளம் இவ்வளவு இருக்கணும்"னு எண்ணோட பேசுங்க. அணிகள் காசு போடுவது அடுத்த சீசனுக்குத்தான், ஞாபகம் இருக்கட்டும்.

உங்க கம்பெனியில் அவார்டு தந்தாங்களா, ஹைக் தந்தாங்களா? கமெண்ட்ல சொல்லுங்க.